தீவுகளில் குழந்தைப் பராமரிப்பு: தொண்டும் ஊதியமும்

வங்காள விரிகுடாவின் தென்கிழக்கே, வடக்குத் தெற்காக எழுநூறு கிலோமீட்டருக்கும் அதிகமான தொலைவுக்குப் பரவிக் கிடப்பவை அந்தமான் நிக்கோபார் தீவுகள். 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கு வாழ்வோர் 3,80,581 பேர். தலைநகரான போர்ட் பிளேர், 2024ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்டது. சென்னையிலிருந்து அதன் தொலைவு சுமார் 1,190 கிலோமீட்டர். பயணிகள் கப்பலில் ஏறக்குறைய மூன்று நாள் பயணம்.

இத்தீவுகளின் வளர்ச்சியைப் பற்றிப் பேசும்போது துறைமுகம், மீன்வளம், காடு, சுற்றுலா ஆகியவையே முதலில் நினைவுக்கு வருகின்றன. இவையனைத்துக்கும் மனித உழைப்பு தேவை. அவ்வுழைப்பில் பெண்களின் பங்கு கணிசமானது. ஆனால் தாய் வேலைக்குச் செல்லும் நேரத்தில் குழந்தையை யார் பார்த்துக்கொள்வது என்ற வினா திட்டக் கணக்குகளில் அரிதாகவே முன்னிடம் பெறுகிறது. பெருநிலப் பகுதியின் சிற்றூர்களில் இதற்குப் பெரும்பாலும் கிடைக்கும் விடை, பாட்டி என்பதாகும். கடல் கடந்து வந்து குடியேறிய குடும்பத்தின் முதல் தலைமுறைக்கு அந்த விடை கிட்டுவதில்லை. பாட்டி அக்கரையில் இருக்கிறார்.

எனவே தீவுகளில் குழந்தைப் பராமரிப்பு, தொடக்கத்திலிருந்தே குடும்பத்துக்கு வெளியே தேடப்பட வேண்டிய ஒரு பணியாக இருந்து வந்துள்ளது. அப்பணியைச் செய்பவர் தொண்டரா, தொழிலாளரா? அவருக்கு அளிக்கப்படுவது அன்பளிப்பா, ஊதியமா? நாடு முழுவதற்கும் பொதுவான இவ்வினா, தீவுச் சூழலில் மேலும் தெளிவாகப் புலப்படுகிறது.

குடியேற்றமும் குடும்பமும்

1858இல் ஆங்கில ஆட்சி இங்குத் தண்டனைக் குடியிருப்பை நிறுவியது. அதன்பின் பல்வேறு காலங்களில் பல்வேறு மக்கள் வந்து சேர்ந்தனர். காட்டு வேலைக்கெனச் சோட்டாநாகபுரிப் பகுதியிலிருந்து தொழிலாளர்கள் வந்தனர். நாடு பிரிவினையுற்றபின் கிழக்கு வங்காளத்திலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்கள் 1949 முதல் குடியேற்றப்பட்டன. இந்தியாவும் இலங்கையும் 1964இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் விளைவாகத் தாயகம் திரும்பிய தமிழ்க் குடும்பங்களில் சில, கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் வேலையும் வாழ்வும் பெற்றன. பெரிய நிக்கோபார்த் தீவில் 1969 முதல் முன்னாள் படைவீரர் குடும்பங்கள் குடியமர்த்தப்பட்டன. தீவு மக்களில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஏறத்தாழ 15 சதவீதம்.

இவ்வாறு வந்தவர்களுள் பெரும்பாலோர் கணவன், மனைவி, சிறு குழந்தைகள் எனச் சிறு குடும்பமாகவே வந்தனர். மாறுதல் பெற்று வந்து செல்லும் அரசு ஊழியர் குடும்பங்களின் நிலையும் இதுவே. நிலமோ வேலையோ கிடைத்தது. உற்றார் உறவினர் கிடைக்கவில்லை.

நிக்கோபாரிப் பழங்குடி மக்களிடம் இதற்கு நேர்மாறான அமைப்பு நிலவியது. கார் நிக்கோபார்த் தீவில் 'துஹேத்' எனப்படும் கூட்டுக் குடும்பமே வாழ்க்கையின் அடிப்படை. தென்னந்தோப்பும் பன்றிகளும் அதற்குப் பொதுச் சொத்து. மூத்தவர் ஒருவர் அதன் தலைவர். குழந்தை ஒரு தாய்க்கு மட்டுமன்றித் துஹேத் முழுவதற்கும் உரியதாக வளர்ந்தது. இங்குக் குழந்தையைப் பார்த்துக்கொள்வோருக்குக் கூலி என்ற பேச்சே எழவில்லை. ஏனெனில் அவருக்கு உணவும் உறைவிடமும் முதுமைக் காப்பும் அதே துஹேத்திலிருந்து கிடைத்தன. ஊதியம் இல்லை என்பது உண்மை. கைம்மாறு இல்லை என்பது உண்மையன்று.

2004 டிசம்பர் 26ஆம் நாள் தாக்கிய ஆழிப்பேரலையில் இத்தீவுகளில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர் அல்லது காணாமற் போயினர். நிக்கோபார்த் தீவுகளே மிகுந்த இழப்புக்கு உள்ளாயின. பின்னர் நிரந்தர வீடுகள் கட்டித் தரப்பட்டபோது, தனித்தனிக் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் ஒரு வீடு என்ற முறை பின்பற்றப்பட்டது. கூரை கிடைத்தது, ஆனால் ஒரே முற்றத்தில் பலர் கண்காணிப்பில் குழந்தை வளர்ந்த முறை தளர்ந்தது. இவ்வாறு, குடியேறியோர் தொடக்கத்திலேயே எதிர்கொண்ட வினா, பழங்குடிக் குடும்பங்களின் வாயிலையும் வந்தடைந்தது.

அப்பேரிடரின்போது உள்நாட்டிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் தொண்டு நிறுவனங்கள் உதவ முன்வந்தன. அவற்றின் சேவை போற்றத்தக்கது. எனினும் தொலைவிலிருந்து வரும் தொண்டர் சில வாரமோ சில மாதமோ தங்கலாம். குழந்தைக்கோ முதல் ஆறு ஆண்டுகளும் ஒரே கை வேண்டும். மேலும், தொண்டுக்கும் ஒரு முதல் தேவைப்படுகிறது. தொண்டரின் வீட்டில் அடுப்பு எரிய வேறொரு வருவாய் இருந்தாக வேண்டும். அது இல்லாதவர், தொண்டு செய்துகொண்டே ஊதியம் தரும் வேலையையும் தேட நேரிடும். இந்த எளிய உண்மையைக் கருத்திற் கொள்ளாத எந்தத் திட்டமும் நீடித்து நிற்பது கடினம்.

கடல் கடந்த ஆயாக்கள்

ஊதியம் பெற்றுக்கொண்டு பிறர் குழந்தையைப் பார்த்துக்கொள்வதும், அதற்காகக் கடல் கடப்பதும் இந்தியப் பெண்களுக்குப் புதியன அல்ல. ஆங்கில ஆட்சிக் காலத்தில், தாயகம் திரும்பும் ஆங்கிலக் குடும்பங்களுடன் இந்திய ஆயாக்கள் கப்பலேறினர். பல வாரப் பயணத்தில் குழந்தைகளைப் பேணும் பொறுப்பு முழுவதும் அவர்களுடையது. இங்கிலாந்தை அடைந்ததும் சிலர் திரும்பும் வழியின்றிக் கைவிடப்பட்டனர். இந்தியாவுக்குப் புறப்படும் வேறொரு குடும்பம் தம்மை வேலைக்கு அமர்த்தும் வரை அவர்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. அத்தகையோர் தங்குவதற்கு இலண்டனில் ஆயாக்கள் இல்லம் ஒன்று இருந்தது. 1900இல் இலண்டன் நகரச் சமயத் தொண்டு நிறுவனம் அதன் நிர்வாகத்தை ஏற்று, ஹாக்னிப் பகுதியில் நடத்தியது. தங்க இடம் அளித்ததோடு, திரும்பும் பயணத்துக்கான வேலையைத் தேடித் தரும் இடமாகவும் அது விளங்கியது. 2022இல் அக்கட்டடத்தில் நினைவுப் பலகை பொருத்தப்பட்டது.

இவ்வரலாறு தரும் படிப்பினை ஒன்றுண்டு. அந்த ஆயாக்களுக்கு அன்பு இல்லை என்று எவரும் கூறவில்லை. ஆனால் அன்பு அவர்களுக்குத் திரும்பும் பயணச் சீட்டைப் பெற்றுத் தரவில்லை. வேலையின் காலம், கூலி, திரும்பும் செலவு ஆகியவற்றை எழுத்தில் வரையறுக்கும் உடன்படிக்கையே அவர்களுக்குத் தேவைப்பட்டது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2011இல் ஏற்றுக்கொண்ட, வீட்டுப் பணியாளர் பற்றிய 189ஆம் உடன்படிக்கையும் இதையே வலியுறுத்துகிறது. பிறர் வீட்டில் குழந்தையைப் பராமரிப்பவரும் தொழிலாளரே. வேலை நேரம், ஓய்வு, குறைந்தபட்ச ஊதியம் ஆகியவை அவருக்கும் உரியவை என்பது அதன் சாரம். இந்தியா இதை ஏற்று உறுதிசெய்யவில்லை.

ஆயா என்னும் சொல் இன்றும் தமிழில் வழங்கி வருகிறது. தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் அங்கன்வாடி உதவியாளரை மக்கள் ஆயா என்றே அழைக்கின்றனர். கப்பலேறிய ஆயாவின் வேலைக்குக் கூலி என்ற பெயராவது இருந்தது. ஊரில் உள்ள ஆயாவுக்கு வழங்கப்படும் தொகைக்குப் பெயர் வேறு.

அங்கன்வாடி அமைப்பு

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் 1975 அக்டோபர் 2ஆம் நாள், நாட்டின் 33 வட்டாரங்களில் தொடங்கப்பட்டது. இன்று ஏறத்தாழ 14 லட்சம் அங்கன்வாடி மையங்களைக் கொண்ட பேரமைப்பாக அது வளர்ந்துள்ளது. அந்தமான் நிக்கோபார் தீவுகளில் சுமார் 720 மையங்களுக்கு அனுமதி உண்டு. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளும், கருவுற்ற தாய்மாரும், பாலூட்டும் தாய்மாரும் இத்திட்டத்தின் பயனாளிகள்.

துணை உணவு, முன்பருவக் கல்வி, ஊட்டச்சத்து மற்றும் உடல்நலக் கல்வி, தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை, மேல்சிகிச்சைக்கு அனுப்புதல் என ஆறு பணிகள் இதில் அடங்கும். இவற்றுள் முதல் மூன்றை அங்கன்வாடிப் பணியாளரே நேரடியாக ஆற்றுகிறார். ஏனையவை சுகாதாரத் துறையின் துணையுடன் நடைபெறுகின்றன. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைக்கு நாளொன்றுக்கு 500 கலோரியும் 12 முதல் 15 கிராம் புரதமும் தரும் உணவு என்ற அளவை வகுத்தது. இவ்வாறு, முன்னர் நலத்திட்டமாக இருந்தது சட்டப்படியான உரிமையாயிற்று. அவ்வுரிமையைக் குழந்தையின் தட்டுவரை கொண்டு சேர்ப்பவர் பணியாளரும் உதவியாளருமே.

அவர்களது நாள் வேலை எளிதன்று. உதவியாளர் மையத்தைத் திறந்து, பெருக்கித் துடைத்து, நீர் நிரப்பி, உணவு சமைக்கிறார். வராத குழந்தைகளை வீட்டுக்குச் சென்று அழைத்து வருகிறார். பணியாளர் பாட்டும் கதையும் சொல்லிக் குழந்தைகளைப் பள்ளிக்கு ஆயத்தப்படுத்துகிறார். எடையும் உயரமும் அளந்து குறிக்கிறார். வீடுதோறும் சென்று தாய்மாருக்கு அறிவுரை கூறுகிறார். 2021 முதல் இவ்விவரங்களைக் கைப்பேசி வழியே 'போஷன்' கண்காணிப்புச் செயலியில் பதிவு செய்வதும் அவரது கடமையாகியுள்ளது. இவற்றுக்கு மேல் கணக்கெடுப்பு, வாக்காளர் பட்டியல் போன்ற பிற துறைப் பணிகளும் அவ்வப்போது வந்து சேர்கின்றன.

மதிப்பூதியம் என்னும் சொல்

திட்டம் வகுக்கப்பட்ட காலத்தில், உள்ளூர்ப் பெண் ஒருவர் தம் ஊர்க் குழந்தைகளுக்காக ஒரு நாளின் சில மணி நேரத்தைத் தொண்டாக அளிப்பார் என்பதே அடிப்படைக் கருத்தாக இருந்தது. ஆகவே அவர் 'கௌரவப் பணியாளர்' எனப்பட்டார். அவருக்கு வழங்கப்பட்ட தொகை சம்பளம் எனப்படாமல் மதிப்பூதியம் எனப்பட்டது. தொடக்கத்தில் பத்தாம் வகுப்புத் தேறிய பணியாளருக்கு மாதம் 150 ரூபாயும், தேறாதவருக்கு 100 ரூபாயும் வழங்கப்பட்டன. அக்கருத்து அக்காலத்துக்கு ஏற்றதாக இருந்திருக்கலாம். சிறிய செலவில் பெரிய நாடு முழுவதையும் எட்ட அது உதவியது என்பதையும் மறுக்க இயலாது.

மதிப்பூதியம் காலந்தோறும் உயர்த்தப்பட்டு வந்தது. 2018 அக்டோபர் முதல் பணியாளருக்கு 3,000 ரூபாயிலிருந்து 4,500 ரூபாயாகவும், உதவியாளருக்கு 1,500 ரூபாயிலிருந்து 2,250 ரூபாயாகவும் அது உயர்ந்தது. செயல்திறனுக்கான ஊக்கத்தொகையாக முறையே 500, 250 ரூபாய் அறிவிக்கப்பட்டது. அதன்பின் ஆறு ஆண்டுகளுக்கும் மேலாக இத்தொகை மாறாமல் நின்றது. மாநிலங்களும் யூனியன் பிரதேசங்களும் தம் நிதியிலிருந்து கூடுதல் தொகை சேர்ப்பதுண்டு. அது இடத்துக்கு இடம் மாறுபடுகிறது. தமிழ்நாட்டில் சிறப்புக் காலமுறை ஊதியம் என்ற முறை பின்பற்றப்படுகிறது.

மாதத்துக்கு 25 வேலை நாள் எனக் கொண்டால், 4,500 ரூபாய் என்பது நாளொன்றுக்கு 180 ரூபாய். 2,250 ரூபாய் என்பது 90 ரூபாய். 2017 ஜூன் முதல் மத்திய அரசு பரிந்துரைத்த தேசிய அடிமட்டக் கூலி நாளொன்றுக்கு 176 ரூபாய். பணியாளருக்கான தொகை அதைச் சற்றே தாண்டுகிறது. உதவியாளருக்கான தொகை ஏறத்தாழ அதில் பாதியே. அரிசியும் காய்கறியும் பெரும்பாலும் கப்பலில் வந்து சேரும் தீவுகளில் 90 ரூபாய்க்கு என்ன வாங்க முடியும் என்பதை விளக்கத் தேவையில்லை.

நீதிமன்றங்களும் இப்பொருளை ஆராய்ந்துள்ளன. அங்கன்வாடிப் பணியாளர் வகிப்பது அரசுப் பதவி ஆகாது என 2006இல் அமீர்பி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2022 ஏப்ரலில் குஜராத் மாநிலத் தாகோது மாவட்டத்தைச் சார்ந்த வழக்கில், 1972ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் பணியாளருக்கும் உதவியாளருக்கும் பொருந்தும் என அதே நீதிமன்றம் முடிவு செய்தது. அவர்கள் பெறும் மதிப்பூதியம், அச்சட்டத்தின் பொருளில் ஊதியமே என்றும் கூறியது. அரசுப் பதவியா என்பது ஒரு வினா. வேலையா, ஊதியமா என்பது மற்றொரு வினா. இரண்டாம் வினாவுக்கான விடையைப் பிந்தைய தீர்ப்பு தெளிவாக்கியது.

இதன் பயனை ஒரு கணக்கால் விளக்கலாம். மாதம் 26 நாள் எனக் கொண்டு, பணியாற்றிய ஆண்டு ஒன்றுக்கு 15 நாள் ஊதியம் வீதம் பணிக்கொடை வழங்க அச்சட்டம் வகை செய்தது. 4,500 ரூபாயை மட்டும் அடிப்படையாகக் கொண்டால், இருபது ஆண்டு பணியாற்றிய ஒருவருக்கு ஏறத்தாழ 51,900 ரூபாய் கிடைக்கும். தொகை பெரிதன்று, ஆயினும் அது அவருக்கு உரியதாகக் கிடைப்பது, எவரும் அளிக்கும் கொடையன்று.

தொண்டு எது, வேலை எது?

ஊதியமின்றியும் கட்டாயமின்றியும், தம் இல்லத்தார் அல்லாத பிறருக்காகச் செய்யும் பணியே தொண்டு எனப் பன்னாட்டுத் தொழிலாளர் புள்ளிவிவர முறைகள் வரையறுக்கின்றன. விரும்பும்போது தொடங்கவும் நிறுத்தவும் தொண்டருக்கு உரிமை உண்டு. அங்கன்வாடிப் பணியில் கல்வித் தகுதி உண்டு, நியமன ஆணை உண்டு, வருகைப் பதிவு உண்டு, மேற்பார்வையாளர் உண்டு, ஓய்வு பெறும் வயதும் உண்டு. ஒரு நாள் வராவிட்டால் விளக்கம் கேட்கப்படும். இத்தனையும் உள்ள ஒன்றைத் தொண்டு என்பது சொல்லுக்கும் பொருளுக்கும் பொருந்தாது. இத்தகைய திட்டப் பணியாளர்களைத் தொண்டராகக் கருதாது தொழிலாளராக ஏற்க வேண்டுமென 2013இல் கூடிய 45ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு பரிந்துரைத்தது.

அரசே வேறோர் இடத்தில் இதை ஏற்றுக்கொண்டது. 2005ஆம் ஆண்டின் தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டம், வேலையிடத்துக்குப் பெண்கள் அழைத்து வரும் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஐந்து பேரோ அதற்கு மேலோ இருப்பின், அவர்களைப் பார்த்துக்கொள்ள அப்பெண்களுள் ஒருவரை அமர்த்த வகை செய்தது. அவருக்கும் கூலி வழங்கப்பட வேண்டும் என விதித்தது. அதாவது, குளத்தங்கரை மரநிழலில் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருப்பதும் மண் சுமப்பதும் ஒரே மதிப்புள்ள உழைப்பு என அச்சட்டம் கருதியது. மரநிழலில் உழைப்பாகக் கருதப்பட்டது, மையத்தின் கூரைக்கடியில் மட்டும் தொண்டாக மாறுவதற்குக் காரணம் எதுவுமில்லை.

பொருளாதார நோக்கிலும் இதைக் காணலாம். பத்துத் தாய்மார் தத்தம் குழந்தையுடன் வீட்டிலிருந்தால் பத்து உழைப்புநாட்கள் செலவாகின்றன. அவர்களுள் ஒருவர் பத்துக் குழந்தைகளையும் பார்த்துக்கொண்டால் ஒன்பது உழைப்புநாட்கள் விடுபடுகின்றன. அந்த ஒன்பது பேர் ஈட்டும் வருவாய் வீட்டுக்கும் நாட்டுக்கும் கணக்கில் வருகிறது. அதை இயலச் செய்த பத்தாமவரின் உழைப்பு கணக்கில் வருவதில்லை. 2019ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமற்ற வீட்டு வேலைகளில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களையும், ஆண்கள் 97 நிமிடங்களையும் அவற்றில் செலவிட்டனர். குடும்பத்தினரைப் பராமரிப்பதில் ஈடுபட்டோரிடையே பெண்களின் நேரம் 134 நிமிடங்கள். ஆண்களின் நேரம் 76 நிமிடங்கள். வீட்டில் இலவசமாகக் கிடைக்கும் பணிக்கு வெளியே குறைந்த விலையே கிடைக்கிறது என்பதை இது ஒருவாறு விளக்குகிறது.

தீவுகளின் தனித் தேவைகள்

தீவுகளில் இப்பணி மேலும் சில தனித்தன்மைகளைக் கொண்டது. முதலாவது, போக்குவரத்து. உணவுப் பொருள்கள் பெருநிலத்திலிருந்து தலைநகருக்கும், அங்கிருந்து சிறு கப்பல்களில் வெளித்தீவுகளுக்கும் செல்ல வேண்டும். தலைநகரிலிருந்து பெரிய நிக்கோபாரின் கேம்பெல் பே ஐந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. பருவக்காற்றுக் காலத்தில் கடல் கொந்தளித்தால் கப்பல் தாமதமாகும். அந்நாட்களில் கையிருப்பைக் கணக்கிட்டுக் குழந்தைகளுக்குப் பகிர்ந்தளிக்கும் பொறுப்பு பணியாளரைச் சாரும். பயிற்சிக்கோ கூட்டத்துக்கோ சென்றால், திரும்பும் கப்பலுக்காக அவர் சில நாட்கள் காத்திருக்கவும் நேரலாம்.

இரண்டாவது, மொழி. ஒரே மையத்தில் வங்காளமும் தமிழும் தெலுங்கும் பேசும் குழந்தைகள் சேர்ந்து அமர்வதுண்டு. இந்தி பொதுமொழியாக வழங்குகிறது. வீட்டு மொழியிலிருந்து பொதுமொழிக்குக் குழந்தையைக் கைப்பிடித்து அழைத்துச் செல்பவர் பணியாளரே. இது தேர்ந்த ஆசிரியரின் திறமைக்கு ஒப்பானது.

மூன்றாவது, நேரம். தோட்டத்திலும் மீன் சந்தையிலும் கடையிலும் அலுவலகத்திலும் வேலை செய்யும் தாய்க்கு நாள் முழுவதும் பராமரிப்புத் தேவை. அங்கன்வாடி, உணவுக்கும் முன்பருவக் கல்விக்குமாக அமைக்கப்பட்டது. முழுநாள் காப்பகமாக அன்று. தோட்டங்களில் ஐம்பது பெண் தொழிலாளரோ அவர்களின் குழந்தைகள் இருபது பேரோ இருந்தால் குழந்தைகள் காப்பகம் நடத்த வேண்டுமென 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமும் அதன் 1981ஆம் ஆண்டுத் திருத்தமும் விதித்தன. ஆனால் பலர் சிறு சிறு வேலைகளில் சிதறிக் கிடக்கும் தீவுகளில், எண்ணிக்கையை அடிப்படையாகக் கொண்ட விதி பெரும்பாலோரை எட்டுவதில்லை.

இக்குறையைக் களையும் நோக்குடன் 2022இல் 'பால்னா' என்னும் திட்டம் வகுக்கப்பட்டது. அங்கன்வாடி மையத்துடன் காப்பகத்தையும் இணைத்து, ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளை நாளொன்றுக்கு ஏழரை மணி நேரம் பராமரிப்பது இதன் நோக்கம். ஒரு காப்பகத்தில் 25 குழந்தைகள் வரை இருக்கலாம். காப்பகப் பணியாளர் ஒருவரும் உதவியாளர் ஒருவரும் அவர்களைக் கவனிப்பர். வெளித்தீவுகளில் தாய்மார் வேலைக்குச் செல்லும் ஒவ்வோர் ஊரிலும் இத்தகைய காப்பகம் அமையுமாயின், குழந்தைகளுக்குப் பாதுகாப்பும் உள்ளூர்ப் பெண்களுக்கு வேலைவாய்ப்பும் ஒருங்கே கிட்டும்.

பணியில் சேரும் வழி

இப்பணியை நாடும் பெண்கள் அறிய வேண்டிய சில செய்திகள் உண்டு. 2022இல் வெளியிடப்பட்ட மத்திய அரசின் வழிகாட்டு நெறிகளின்படி, அங்கன்வாடிப் பணியாளருக்குப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். வயது 18 முதல் 35 வரை இருத்தல் வேண்டும். அவர் அவ்வூரைச் சேர்ந்தவராக இருத்தல் வேண்டும். பணியாளர் இடங்களில் பாதி, ஐந்து ஆண்டு அனுபவமுள்ள உதவியாளரைக் கொண்டு நிரப்பப்படும். மேற்பார்வையாளர் இடங்களில் பாதி, அவ்வாறே அனுபவமுள்ள பணியாளருக்கு உரியது. 180 நாள் மகப்பேற்று விடுப்பும், ஆண்டுக்கு 20 நாள் விடுப்பும் உண்டு. 2024ஆம் ஆண்டின் இடைக்கால வரவு செலவுத் திட்டத்தில், ஆயுஷ்மான் பாரத் மருத்துவக் காப்பு இவர்களுக்கும் நீட்டிக்கப்பட்டது. ஆக, உதவியாளராகத் தொடங்கும் ஒருவர் மேற்பார்வையாளராக உயர்வதற்கு ஒரு படிக்கட்டு இன்று இருக்கிறது.

படிக்கட்டு இருப்பது மட்டும் போதாது. ஏறி வரும் ஆண்டுகளில் அவர் பிழைக்கவும் வேண்டும். தீவுகளைப் பொறுத்தவரை நான்கு நடவடிக்கைகள் கருத்திற் கொள்ளத்தக்கவை. உதவியாளருக்கான தொகை, பரிந்துரைக்கப்பட்ட அடிமட்டக் கூலிக்கேனும் குறையாதிருத்தல் வேண்டும். வெளித்தீவுப் பணியின் கடினத்தையும் விலைவாசியையும் கணக்கிட்டுத் தனிப்படி வழங்கப்பட வேண்டும். பயிற்சிக்காகக் கடல் கடந்து சென்று திரும்பும் நாட்கள் யாவும் பணி நாட்களாகக் கொள்ளப்பட வேண்டும். நீதிமன்றம் உறுதி செய்த பணிக்கொடை, ஓய்வு பெறும் நாளிலேயே கைக்குக் கிட்டுமாறு ஆவணங்கள் முன்கூட்டியே ஆயத்தமாக இருத்தல் வேண்டும். இவற்றுக்கு ஆகும் செலவு உண்டு. ஆயின் சட்டமன்றம் இல்லாத யூனியன் பிரதேசம் என்ற முறையில் இத்தீவுகளின் திட்டச் செலவு முழுவதையும் மத்திய அரசே ஏற்பதால், முடிவெடுப்பதற்குத் தடைகள் குறைவு. சுமார் 720 மையங்களே உள்ள ஒரு பிரதேசம், நாட்டுக்கே முன்மாதிரியாக அமையவும் வாய்ப்புண்டு.

தொண்டு மனப்பான்மை குழந்தைப் பராமரிப்புக்கு இன்றியமையாதது என்பதில் ஐயமில்லை. அம்மனப்பான்மை செவிலியருக்கும் வேண்டும், ஆசிரியருக்கும் வேண்டும். அவர்களிடம் அது இருக்கிறது என்பதற்காக அவர்களுடைய சம்பளத்தை எவரும் குறைப்பதில்லை. குடியேறியோர் குடும்பத்தில் அக்கரையிலுள்ள பாட்டியின் இடத்திலும், நிக்கோபாரிக் குடும்பத்தில் தளர்ந்துபோன துஹேத்தின் இடத்திலும் இன்று நிற்பவர் அங்கன்வாடிப் பணியாளரும் உதவியாளருமே. பாட்டியைப் பேணும் கடமை குடும்பத்துக்கு இருந்தது. துஹேத் தன் முதியோரைப் பேணியது. அவ்விடத்தில் ஒருவரை நிறுத்திய அரசுக்கும் சமுதாயத்துக்கும் அதே கடமை உண்டு.